ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு கல்

மதிப்பிற்குரிய ஈரோடு மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 60 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

கோட்டைப் பகுதியில் குடியிருக்கும் ஒருவன் எழுதுகிறேன். மஞ்சள் மண்டியில் 38 வருடம் கணக்கு எழுதிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். கணக்கப்பிள்ளை புத்தி, எதைச் சொன்னாலும் எண்ணிக்கை கேட்கும். அதைப் பொறுத்துக்கொண்டு முழுசாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டு வடக்குச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒரு நூல் அகலம் கூடும். நாலு தடவை சிமெண்டு வைத்துப் பூசியாயிற்று. ஐந்தாவது தடவை வந்த கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கவே இல்லை. கடக்காலைப் பார்க்காமல் பூச மாட்டேன் என்று சொல்லிச் சுவரோரமாகக் குழி போட்டார். நாலடியில் சுக்கான் கல் தட்ட வேண்டிய ஊர் இது. ஆறடி போயும் தட்டவில்லை, எட்டடி போயும் தட்டவில்லை. கறுப்பும் செவப்பும் கலந்த மண், நடுநடுவே பானை ஓடு, செங்கல் துண்டு, கொஞ்சம் கரி. மேலே ஏறி வந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “ஏனுங்ணா, இது நெலமே இல்லீங்க. எவனோ கொண்டாந்து கொட்டுன மண்ணுங்க.”

அந்த ‘எவனோ’ யார் என்று தேடிக்கொண்டு போனதில்தான் இந்தக் கடிதம் வந்து நிற்கிறது.

எங்கள் பகுதிக்குக் கோட்டை என்று பெயர். கோட்டை ஈஸ்வரன் கோயில் இருக்கிறது, கோட்டைப் பெருமாள் கோயில் இருக்கிறது. கோட்டை மட்டும் இல்லை. போன தையில் சென்னையிலிருந்து வந்த எங்கள் சம்பந்தி, ஊரைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று காலையில் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். “கோட்டை எங்கேங்க சம்பந்தி? டீக்கடையில் கேட்டால் கோயிலைக் காட்டுகிறார்கள், கோயிலில் கேட்டால் ஜவுளிக்கடையைக் காட்டுகிறார்கள்” என்றார். நீங்கள் நின்ற இடம்தான் கோட்டை என்று சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இருந்தது, மண்ணால் கட்டிய பெரிய கோட்டை. சுற்றிலும் அகழி. அகில்மேடு வீதி என்று இன்று நாம் சொல்வது, அகழிமேடு என்பது வாய்க்குள் புரண்டு புரண்டு ஆனது என்பது என் கட்சி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1807 வரை அந்தக் கோட்டைக்குள் இருந்தது. படை போன பிறகு மழையில் கரைந்துகொண்டு அது எழுபது வருடம் கிடந்தது. 1877இல் மதிலை வெட்டிச் சரித்து அகழியை மூடினார்கள். பஞ்ச நிவாரண வேலை. தாது வருசப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன அதே பஞ்சம். சென்னை ராஜதானியில் அந்த வருடம் நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஆளுக்கு ஒரு கட்டத்தில் கொடுத்த கூலி நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்க வேண்டும்.

கொத்தனார் சொன்ன ‘எவனோ’ அவர்கள்தான். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கூடையில் சுமந்து கொட்டிய மண் மேல் எங்கள் வீடு நிற்கிறது. அவர்கள் திமுசு போட்டு இறுக்கவில்லை என்று நான் எப்படிக் குறை சொல்வது?

இது விரிசல் கதையோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அந்த மண்ணுக்குள் கிடந்த செங்கல் துண்டும் கரியும் என்னைத் தூங்க விடவில்லை. அகழிக்குள் வீட்டுச் செங்கல் எப்படி வந்தது? மதில் மண்ணோடு பழைய ஊர் மண்ணும் சேர்ந்து விழுந்திருக்கும் என்பது என் யோசனை. அந்தப் பழைய ஊருக்கு என்ன ஆனது என்று படிக்கத் தொடங்கினேன்.

ஈரோடு 1768க்கும் 1799க்கும் இடையில் குறைந்தது ஐந்து தடவை கை மாறியது. 1768இல் கம்பெனிக்காக கர்னல் உட் பிடித்தார். அந்த வருடம் முடிவதற்குள் ஐதர் அலி திருப்பிப் பிடித்தார். பிடித்த விதமும் விசித்திரம். ஊருக்குப் பக்கத்தில் கேப்டன் நிக்சனின் சிறு படையை அடியோடு அழித்துவிட்டு, கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த கேப்டன் ஆர்ட்டனைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்னார். நம்பிப் போனவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, கோட்டையை ஒப்படைக்கும்படி அவர் கையாலேயே உத்தரவு எழுத வைத்தார். மதில் ஏறிக் குதிக்காமல் ஒரு காகிதத்தில் விழுந்தது எங்கள் கோட்டை. 1790 ஆகஸ்டில் ஜெனரல் மெடோஸின் படை மறுபடி பிடித்தது. செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் பவானிக் கரையில் சண்டை நடந்து, கர்னல் ஃபிளாய்டின் படை பின்வாங்க, ஈரோடு திப்பு கைக்குத் திரும்பியது. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்ததும் கம்பெனி வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை.

இதெல்லாம் ராஜாக்கள் கணக்கு. எனக்கு வேண்டியிருந்தது ஊர்க் கணக்கு. அதை எழுதி வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருடம், 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி உத்தரவின் பேரில் மைசூர் வழியாக வந்து கொங்கு நாட்டை ஊர் ஊராகச் சுற்றி, என்ன விளைகிறது, எத்தனை தறி, எவ்வளவு வரி என்று குறித்துக்கொண்டே போனவர். ஈரோட்டுக்கு வந்தபோது மண் கோட்டைக்குள் சிப்பாய்ப் பட்டாளம் ஒன்று இருந்ததைப் பார்த்தார். கோட்டைக்கு வெளியே இருந்த ஊரைப் பற்றி விசாரித்து எழுதினார். ஐதர் காலத்தில் அங்கே சுமார் 3,000 வீடுகள். திப்பு ஆட்சியில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மிச்சம் இருந்தது முழுவதும் ஜெனரல் மெடோஸ் படையெடுத்து வந்தபோது அழிந்தது. இப்போது மறுபடி எழும்பிக்கொண்டிருக்கிறது, சுமார் 400 வீடுகள்.

மூவாயிரம், ஆயிரம், பூஜ்யம், நானூறு. கணிதமேதை ராமானுஜன் பிறந்த ஊருக்கு நான்கு எண்கள் சுமையாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு கணக்கப்பிள்ளையாக இந்தப் பேரேட்டை நான் தட்டிப் பார்த்தேன். புக்கானன் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர். தோற்றுப்போன திப்பு மேல் பழி போடுவது அன்றைக்குக் கம்பெனிக்கு வசதி. அதனால் திப்பு காலத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்ற வரியை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் மீதி முழுவதையும் அழித்தது மெடோஸ் படையெடுப்பு என்ற வரி அவருடைய சொந்த முதலாளிக்கு எதிரான வரி. தன் பற்றில் தானே எழுதிக்கொள்ளும் நஷ்டத்தை எந்தக் கணக்கப்பிள்ளையும் பொய்யாக எழுத மாட்டான். அதை நம்புகிறேன். மற்றபடி திப்பு நல்லவரா கெட்டவரா என்ற சண்டைக்கு இந்தக் கடிதத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வீடு எரிந்தவனுக்கு எந்தப் பக்கத்துத் தீவட்டி என்பது இரண்டாம் பேச்சு.

அந்த ஆயிரம் வீட்டுக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஓடியிருப்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்? படை வருகிறது என்ற சேதி வந்ததும் மாட்டை அவிழ்த்து, பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, கம்பும் சோளமும் குழியில் இருந்தால் வாயை மண் போட்டு மூடி, மேலே சாணி மெழுகி அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். தறிக்காரன் தறிக்குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அச்சையும் விழுதையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போயிருப்பான். இதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் எங்கள் ஆத்தா ஒன்று சொல்லும். பேரன் பேத்திகள் சேர்ந்து வீட்டை இறைத்துப்போட்டால், “ஐதரலி படை பூந்தாப்பல கெடக்குது ஊடு” என்று வையும். ஐதர் யார், எந்த நூற்றாண்டு என்று அதற்குத் தெரியாது. படை புகுந்த வீடு எப்படி இருக்கும் என்பது மட்டும் ஏதோ ஒரு வழியாக அதன் வாய் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பெரியவங்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நம் மாவட்டத்தில் போருக்கு நினைவிடம் இல்லாமல் இல்லை. அரச்சலூர் பக்கத்தில் ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு மணிமண்டபம் இருக்கிறது. எங்கள் கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டதை வைத்து ஆடி 18 அன்று அரசு விழா எடுக்கிறது. அவர் படையில் இருந்த பொல்லானை ஆடி 1 அன்று நினைவுகூர்கிறோம். நானும் வருடம் தவறாமல் ஓடாநிலைக்குப் போய் வருகிறவன்தான். காலையில் காவிரியில் தலை முழுகிவிட்டு அப்படியே போனால் கூட்டத்துக்கு முன்னால் மாலை போட்டுவிட்டு வந்துவிடலாம். எனக்கு அதில் உள்ள மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. நின்று சண்டை போட்டவர்களை நினைக்கிறோம், அவர்களையும் சாதிக்கு இன்னாராகப் பங்கு பிரித்துக்கொண்டு, தனித்தனிக் கொடியோடு தனித்தனி நேரத்துக்கு வந்து நினைக்கிறோம். ஒரே படையில் ஒன்றாக நின்றவர்கள்.

ஓடாநிலை என்ற பெயருக்கே ஓடாமல் நின்ற நிலை என்றுதான் ஊரில் பொருள் சொல்கிறார்கள். நல்ல பெயர். ஓடாமல் நின்றவர்களுக்கு மண்டபம் இருக்கட்டும். ஓடியவர்கள் ஊர் ஈரோடு. ஓடிப்போய், எங்கேயோ காட்டிலும் மலையடியிலும் கிடந்து, படைகள் போனதும் திரும்பி வந்து, கரிக்கட்டையாகக் கிடந்த வாசலைக் கூட்டிக் கோலம் போட்டவர்கள். அந்த 400 வீடுகள் இல்லை என்றால் உங்கள் மாநகராட்சி இல்லை. ஆனால் அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை. அவர்கள் எந்தச் சாதி என்று புக்கானன் எழுதாமல் போனது நம் அதிர்ஷ்டம், பங்கு பிரிக்க வழியில்லை.

ஏன் திரும்பி வந்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. வாய்க்கால். காலிங்கராயன் பவானியில் அணை கட்டிக் கொண்டுவந்த வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது. அதற்கு ஐதரும் தெரியாது, மெடோஸும் தெரியாது. ஊர் எரிந்த வருடமும் அது ஈரோட்டை ஒட்டித்தான் போயிருக்கும். தண்ணீர் போகிற இடத்துக்கு மனிதன் திரும்பித்தானே ஆக வேண்டும்? நெல்லும் மஞ்சளும் கரும்பும் போட்டு, தறியை மறுபடி குழியில் இறக்கி, 1860களில் ரயிலும் வந்த பிறகு ஊர் நிமிர்ந்தது. 1871இல் நகராட்சி ஆனது. ஆறே வருடத்தில் அந்த இளம் நகராட்சி பார்த்த பெரிய மராமத்து, தன் பழைய கோட்டையைப் பட்டினிக்காரர்கள் வெட்டிச் சரித்தது. இன்று வாய்க்காலில் சாயக்கழிவு போகிறதே என்பது வேறு கடிதத்துக்கான விஷயம், அதை இங்கே கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இதைப் பற்றி முன்பே ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துப் பார்த்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. “கோட்டை எந்த சர்வே எண்ணில் வருகிறது?” என்று கேட்டு மனுவைத் திருப்பினார்கள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. இல்லாத கோட்டைக்கு எண் எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சொல்வதுதான் என் முதல் கோரிக்கை. பழைய நில அளவைப் படங்களை எடுத்து, மதில் எந்த வழியாகப் போனது, அகழி எந்த வீதியில் திரும்பியது என்று நகரளவையாளர்களை வைத்து ஒரு கோடு போடுங்கள். பொலிவுறு நகரத் திட்டத்தில் எத்தனையோ வீதியைத் தோண்டி மூடினோம். அடுத்த தடவை ரோடு போடும்போது அந்தக் கோடு குறுக்கிடும் இடங்களில் ஒரு முழம் அகலத்துக்குக் கருங்கல் பட்டை பதித்துவிடுங்கள். அதன் மேல் ஸ்கூட்டர் போகட்டும், தள்ளுவண்டி நிற்கட்டும், தடுப்பு வேலி வேண்டாம். காலுக்கடியில் கல் மாறுகிறதே என்று ஒரு பிள்ளை குனிந்து பார்த்தால் போதும்.

அந்தக் கோடு இன்னொரு வேலைக்கும் உதவும். அகழி நிரப்பிய இடத்தில் மாடி மேல் மாடி கட்ட வரைபட அனுமதி கேட்டு வருகிறவரிடம், கீழே கொட்டுமண் இருக்கிறது, மண் பரிசோதனை செய்துவிட்டு வானம் தோண்டுங்கள் என்று உங்கள் அலுவலர் ஒரு வார்த்தை சொல்ல முடியும். அப்படி ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் என் ஓய்வூதியப் பணத்தில் பாதி சுவருக்குள் போயிருக்காது.

இரண்டாவது, அந்தக் கல். சிலை வேண்டாங்க. யார் முகத்தை வைப்பது என்று சண்டை வரும், பிறகு அதற்குக் கூண்டு போட வேண்டும், பிறகு கூண்டுக்குக் காவல் போட வேண்டும். ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் போதும். மணிக்கூண்டுப் பக்கமோ வ.உ.சி. பூங்கா வாசலிலோ, சந்தைக்கு வருகிற சனம் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற மாதிரி ஒரு இடத்தில். அதில் நான்கு வரிதான்: ஐதர் காலத்தில் 3,000 வீடுகள். பிறகு 1,000. 1790 போரில் ஒன்றும் இல்லை. 1800இல் 400. அதற்குக் கீழே, 1877 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்து இந்தக் கோட்டையைத் தரையாக்கியவர்கள் என்று ஒரு வரி. பெயர்கள் கிடையாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. கல்லைத் திறந்து வைப்பவர்கள், முன்னிலை வகிப்பவர்கள், வரவேற்பவர்கள் பெயர்களைப் பொறிக்க இன்னொரு கல் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அது இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். கல் கொத்துகிற ஒருவரிடம் நானே விசாரித்தேன். எழுத்து வெட்டுவது உட்பட, மாசி பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு ஊர் முழுக்க நாம் கட்டுகிற வரவேற்பு வளைவுகளில் ஒன்றின் விலைகூட வராது. அதுவும் முடியாது என்றால் சொல்லுங்கள். கோட்டைக்காரர்கள் நாங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இடமும் அனுமதியும் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சங்ககிரிக்கும் ஓடாநிலைக்கும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறார்கள், நல்லது. திரும்பி வரும்போது எங்கள் வீதியில் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். கொத்தனார் போட்ட குழியை நான் இன்னும் முழுசாக மூடவில்லை, மேலே பலகை போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுத்த பானை ஓடுகளைத் துடைத்து ஒரு முறத்தில் வைத்திருக்கிறேன். ஒரு ஓட்டின் உட்பக்கம் கரி பிடித்திருக்கிறது. அது அடுப்புக் கரியா, ஊர் எரிந்த கரியா என்று என் மனைவிக்கும் எனக்கும் தினம் வழக்கு. அடுப்புக் கரிதான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். சமைத்தவளுக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

இடம் பார்க்க உங்களில் யார் வந்தாலும் சரி, காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஈஸ்வரன் கோயில் பக்கம் வந்து, சுவர் விரிசல் விட்ட வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள். ஒருவேளை இரண்டு மூன்று வீட்டைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கோட்டைப் பகுதியில் குடியிருக்கும் முன்னாள் மண்டிக் கணக்கன்,
ஈரோடு